சில்லு இளகிய பின்னேரம்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. ஆனாலும் நாங்கள் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போனோம். அப்பா எங்கள் ஊரான உடப்பில் வாடகைக்கு ஹயர் ஓடிய பழைய கார் அது. வீட்டாட்களை ஏற்றிப் பழக்கினால் கார் கெட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை.

அது யுத்த காலம். சிலாபத்துக்குப் போகும் வழியில் பெரியண்ணனைச் சோதனைச் சாவடியில் இரண்டு தடவை இறக்கிக் கொண்டு போனார்கள். இரண்டாம் தடவை திரும்பி வந்தவன் வீட்டில் யாரோடும் கதைக்கவில்லை. அம்மா அவனை வாசலுக்கு வெளியே விடவே பயந்தார். காரை விற்று அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. எனக்கு எட்டு வயது. வெளிநாடு என்றால் சொக்லேட் வரும் இடம் என்று மட்டும் தெரியும்.

முந்தலில் ஒரு முதலாளி காரை எடுக்கச் சம்மதித்தார். ஆனால் பின் அச்சில் கேட்கும் இரைச்சலைத் திருத்தித் தந்தால்தான் என்று சொல்லிவிட்டார். பேரிங் தேய்ந்திருந்தது. அதை மாற்றுவதென்றால், அச்சின் நுனியில் சக்கரச் சில்லைப் பிடித்திருக்கும் இரும்புக் குடத்தைக் கழற்ற வேண்டும். உப்புக் காற்றில் அது அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. அப்பா மண்ணெண்ணெய் ஊற்றினார், சூடு காட்டினார், சுத்தியலால் தட்டினார். அது அசையவில்லை.

"நீங்க தட்டுறது பிள்ளையத் தட்டி நித்திரையாக்குற மாதிரி இருக்கு, அண்ணே" என்றார் திருத்த வந்திருந்த மெக்கானிக், கராஜ் பாஸ். தானே சுத்தியலை வாங்கி ஓங்கி அடித்துப் பார்த்து, அவரும் வேர்த்துப்போய் உட்கார்ந்தார். பிறகு கடைசி வழியைச் சொன்னார்.

"குடத்து நட்டை ரெண்டு சுத்து இளக்கி விடுங்க. ஆக்கள நல்லா ஏத்திக்கிட்டு வளைச்சு வளைச்சு ஓடுங்க. தானா விடும்."

அன்று பின்னேரம் அப்பா எங்களையெல்லாம் காரில் ஏறச் சொன்னார். நான் நம்பவில்லை. கார் சவாரி என்றதும் மாமி நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டிலேயே பாரமான ஆள் அவர்தான். பழுதான சில்லுக்கு நேர் மேலே அவரை அமர்த்தினார்கள். மரியாதைக்கு ஜன்னல் பக்கம் தருகிறார்கள் என்று மாமி நினைத்துக்கொண்டார். நானும் அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பெரியண்ணன் முன் சீட்டில் இருந்தான்.

கடலோரக் களப்பு நீர் வற்றிக் காய்ந்து கிடந்த வெளியில் அப்பா எட்டுப் போட்டு ஓடினார். இடது பக்கம் வளைத்தால் நாங்கள் மாமியின் மேல் விழுந்தோம். வலது பக்கம் வளைத்தால் மாமி எங்கள் மேல் விழுந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பெரியண்ணன்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திரௌபதை அம்மனைக் கூப்பிட்டபடி இருந்தார். அம்மனிடம் என்ன கேட்டீர்கள் என்று பல வருடம் கழித்து விசாரித்தேன். சில்லு இளக வேண்டும் என்று கேட்பதா, இளகக் கூடாது என்று கேட்பதா எனத் தெரியாமல் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

திடீரென்று மாமிக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அப்பா காரை நிறுத்தினார். பெரியண்ணன் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான்.

"விட்டுட்டுது, அப்பா."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான், "இன்னும் ஒரு சுத்துப் போவம், அப்பா" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

"ஓம், போவம்" என்றார் அப்பா. பிறகு பெரியண்ணனைப் பார்த்து, "தம்பி, நட்டை இறுக்கிட்டு ஏறு" என்றார்.

ஒரு சுற்று பல சுற்றானது. இப்போது வளைக்காமல், வெளியின் ஓரமாக, மிக மெதுவாக ஓடினார். வீட்டில் பாஸ் காத்துக்கொண்டிருந்தார். பொழுது பட்ட பிறகும் அப்பா நிறுத்தவில்லை. நான் கேட்டதற்காகத்தான் ஓடுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. மகன் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் காரை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.