கதவு திறந்தால் கவலை இல்லை

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது. நாலு பேருக்கு என்னைத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். பெயர்தான் அதிகாரி. தீயணைப்புக் கருவியில் தேதி பார்ப்பதும், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் எல்லோருக்கும் முகக்கவசம் கொடுப்பதும், அவர்கள் போனதும் அதைத் திரும்ப வாங்கிப் பீரோவில் வைப்பதும்தான் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தெருக்காரர்களுக்கே நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று தெரியாது. ‘மில்லுல இருக்காரு’ என்பார்கள், அம்புட்டுதான்.

மதுரையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு ஆலையிலிருந்து அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட ஒரு இளைஞர் வந்து, ‘உங்களை நீங்களே ஒரு பிராண்டாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்றார். சோப்புக்கும் பற்பசைக்கும்தான் பிராண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் ஊர் திரும்பும் பேருந்திலேயே, உத்தியோகக்காரர்களுக்கென்று இருக்கிற அந்த வலைத்தளத்தில் ஒரு கணக்குத் திறந்துவிட்டேன். பெயருக்குக் கீழே ‘பாதுகாப்புச் சிந்தனையாளர்’ என்று எழுதினேன். ஸ்டுடியோவில் அவர்களுடைய கோட்டையே மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டேன். தோள் இரண்டும் தொங்கியது.

என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “அடுப்பு டியூபு மாத்தணும்னு எத்தனை மாசமாச் சொல்லுதேன். அதையும் அதுல எழுதிப் போட்டாத்தான் மாத்துவீயளா?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அவளுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்த நேரமெல்லாம் அவள் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது.

முதல் சில மாதம் சீந்துவாரில்லை. தலைக்கவசம் பற்றி எழுதினேன், தீ பற்றி எழுதினேன். என் மைத்துனனும், ஆலையில் என்னைக் கண்டு பயப்படும் இரண்டு பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகுதான் கார்டிங் மிஷின் பற்றி அந்தப் பதிவை எழுதினேன்.

கார்டிங் மிஷின் என்பது பஞ்சைச் சீவி நாராக்கும் இயந்திரம். உள்ளே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் உருளை, அதன் மேலெல்லாம் ஊசிப்பல். சுவிட்சை அணைத்தாலும் அந்தக் கனத்துக்கு அது உடனே நிற்காது, பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற வேகத்தில் நிற்கிற மாதிரியே தெரியும். அதனால் கதவில் ஒரு பூட்டு இருக்கும். உருளை முழுதாக நின்ற பிறகுதான் அந்தப் பூட்டு விடும், கதவு திறக்கும். அதுவரை என்ன இழுத்தாலும் வராது.

அந்த மிஷினில் வேலை பார்த்த ஓர் அம்மாவை வைத்து எழுதினேன். வன்னியம்பட்டிக்காரி. ஆலை வேனில் தினமும் என்னோடு வருகிறவள், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள். கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் பொறுமையாகக் காத்திருப்பதைப் படம் எடுத்தேன். அவள் பின்னால் மிஷின்கள் வரிசையாகத் தெரிந்தன. காத்திருப்பதன் அழகு, பொறுமை தரும் வெற்றி என்று என்னென்னவோ எழுதி, கடைசியில் ஒரு வரியைப் போட்டேன்: ‘கதவு திறந்தால் கவலை இல்லை.’

அந்த வரி பற்றிக்கொண்டது. நூற்பாலையைக் கண்ணால் கண்டிராதவர்களெல்லாம் ‘வாழ்க்கைக்கே பொருந்துகிறது சார்’ என்று எழுதினார்கள். பெங்களூரில் யாரோ அதைக் கல்யாணத்துக்குப் பொருத்தி எழுதினார். முதலாளி மகன் பார்த்துவிட்டு, அந்த வரியைப் பெரிய பலகையில் எழுதி கார்டிங் பகுதியில் மாட்டச் சொன்னார். புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். வேனில் அந்த அம்மா, “என் மூஞ்சிய எம்புட்டு பேரு பாத்திருக்காவ அண்ணாச்சி?” என்று தினமும் கேட்பாள். நான் எண்ணிக்கையைச் சொல்லுவேன். அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

பலகை மாட்டி ஒரு வாரம் கழித்து, ஒரு காலை, வேனுக்குக் காத்திருந்தபோது ஒரு கருத்து வந்திருந்தது. எழுதியவர் கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஃபிட்டர். தமிழில், நிதானமாக எழுதியிருந்தார். ‘தம்பி, படத்தில் மூன்றாவதாகத் தெரியும் மிஷின் கதவில் பூட்டு இல்லை. இந்த வாசகத்தை நம்பி ஒரு ஆள் அந்தக் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?’

யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. எனக்குத் தெரியும். அந்தப் பூட்டு பழுதாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கழற்றி வைத்துவிட்டு, புதுசு கேட்டு நானே ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தேன். ‘அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்குவோம்’ என்று மேனேஜர் சொன்னார். அதோடு நானும் விட்டுவிட்டேன். அந்த மிஷினில் எப்போதும் நிற்பவர் பழைய ஆள், பூட்டு இல்லாத காலத்திலிருந்தே கார்டிங் பார்த்தவர். காதை வைத்துக் கேட்டே உருளை நின்றதா இல்லையா என்று சொல்லுவார். அவர் இருக்கிறவரை பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கருத்தை அழித்தேன். அழிக்க ஒரு நொடிதான். சாயங்காலம் அவர் தனிச் செய்தி அனுப்பினார்: ‘அழித்தது பரவாயில்லை. பூட்டு மாட்டிவிட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.’ இரண்டு நாளில் மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் செய்தியே வராதபடி தடுத்துவைத்தேன். அவர் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். கிழவருக்கு வேறு வேலை இல்லையா என்று வாய்விட்டே சொன்னேன்.

அதற்கப்புறம் பூட்டைப் பற்றி மேனேஜரிடம் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால், பூட்டு இல்லாத மிஷினைப் பின்னால் வைத்துக்கொண்டு பூட்டைப் பற்றி எழுதியவன் என்று ஆகிவிடும். பலகை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதிக்குப் போகும்போதெல்லாம் மூன்றாவது மிஷினைப் பார்க்காமல் நடந்தேன். அந்தப் பழைய ஆள் நிற்கிறாரா என்று கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொள்வேன். நிற்பார். மூச்சு வரும்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று எனக்கு விடுமுறை. ஆலையில் ஒரு ஷிப்டு மட்டும், வர முடிகிறவர்களை வைத்து ஓட்டினார்கள். தேரோட்டம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள், அது ஆலைக்கும் தெரியும். நான் தேர் பார்க்கப் போகவில்லை. பதிவு எழுதப் போனேன். வடம் பிடித்து இழுக்கிறவர்களைப் பல பக்கத்திலிருந்து படம் எடுத்தேன். ‘கூட்டு முயற்சி: தேர் கற்றுத்தரும் ஐந்து பாடங்கள்’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன். நான்கு பாடம் கிடைத்தது, ஐந்தாவது கிடைக்கவில்லை. அதை யோசித்துக்கொண்டு நின்றபோது கூட்டத்துக்குள் ஒரு தெரிந்த முகம். மூன்றாவது மிஷின் பழைய ஆள், சட்டையில்லாமல், வடத்தைப் பிடித்திருந்தார்.

ஆலைக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். கூட்டத்தின் சத்தத்தில் மணி அடிக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. தெருவை விட்டு வெளியே வந்து மூன்றாம் தடவை போட்டபோது ஷிப்டு மேஸ்திரி எடுத்தார்.

“சார், நானே ஒங்களுக்குத்தான் போடணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ” என்றார்.

யாரை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். ஆள் குறைச்சல் என்று வன்னியம்பட்டி அம்மாவை அவள் மிஷினிலிருந்து மூன்றாவது மிஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். பஞ்சு அடைத்திருக்கிறது. சுவிட்சை அணைத்திருக்கிறாள், கதவை இழுத்திருக்கிறாள், உடனே திறந்துவிட்டது. அவள் மிஷினில் கதவு திறந்தால் உருளை நின்றுவிட்டது என்று அர்த்தம். வலது கையை உள்ளே விட்டாள். மூன்று விரல் போய்விட்டது.

மாதக்கணக்கில் வராத பூட்டு மறுநாள் மத்தியானம் வந்தது. ஆய்வாளர் வருவதற்குள் மாட்டிவிட்டார்கள். பழசாகத் தெரிய வேண்டும் என்று மேலே எண்ணெயும் பஞ்சுத் தூசியும் தடவினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். விபத்து அறிக்கை எழுத வேண்டியது என் பொறுப்பு. “அவசரப்பட்டுக் கையை விட்டுட்டாங்கன்னு எழுதுங்க சார். ஒங்க பேரும் கெடாது” என்று மேனேஜர் சொன்னார். என் பேர் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு கூசியது. கூசியபடியே, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் எடுத்தான் என்று கேட்பார்கள். அதற்கு இன்னமும் விருப்பம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து வன்னியம்பட்டிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னாள். நர்சிங் படிக்கும் மகள் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“கதவு தெறந்துட்டு அண்ணாச்சி. அதான் நின்னுட்டுன்னு நெனச்சேன்” என்றாள் அந்த அம்மா. பிறகு, “அந்த மிசின்ல பூட்டு இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

வழியெல்லாம் இதற்குத்தான் தயாராகிக்கொண்டு போயிருந்தேன். ஆமாம் என்று சொல்லி, காலில் விழ வேண்டும் என்றாலும் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“தெரியாதும்மா” என்றேன்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்கோ ஏட்டி. தெரிஞ்சிருந்தா அண்ணாச்சி விட்டுருப்பாவளா? போ, காப்பி எடுத்துட்டு வா” என்றாள்.

மகள் கொண்டுவந்த டம்ளரை, விருந்தாளிக்குத் தானே கொடுக்க வேண்டும் என்று அவள் வாங்கிக்கொண்டாள். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்தபடி, மற்றக் கையால் நீட்டினாள்.

“எடது கையால தாரேன்னு தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி” என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.