அம்மா எழுதித் தந்த இரண்டு வரி

ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுக்கப் புதிதாக வந்த டீச்சர், தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வருவார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு முன் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர்கள் எல்லோரும் முதல் நாளே செய்யுளை ஆரம்பித்துவிடுவார்கள். இவர் முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

தாளின் தலைப்பில், 'இந்த ஆண்டு தமிழில் நாம் அடைய வேண்டியவை' என்று இருந்தது. மாதம் ஒரு நூலாவது முழுதாகப் படிக்க வேண்டும். நோட்ஸைப் பார்க்காமல் சொந்தமாக ஒரு பக்கம் எழுத வேண்டும். ல, ள, ழ மயங்கக் கூடாது, ர, ற மயங்கக் கூடாது, ன, ண மயங்கக் கூடாது. வகுப்பின் முன் நின்று மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவர் பேசும்போது அவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் படிக்கும்போதே பின்வரிசைப் பையன்கள் சத்தமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்குத் தாள் ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் எளியது. அதில் இருந்தவற்றில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆறாம் வகுப்பில் சொல்வதெழுதுதலில் ஒரு தடவைகூட நான் பிழை விட்டதில்லை. பக்கத்துப் பெண்களின் நோட்டை வாங்கி, கேட்காமலே சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. அதனால் எனக்குத் தோழிகள் குறைவு. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதாக நினைவில்லை.

தாளின் அடியில் ஒரு கட்டம் போட்டு, 'பெற்றோரின் எதிர்பார்ப்பு' என்று அச்சடித்திருந்தது. உங்கள் பிள்ளை தமிழில் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள் என்று கீழே ஒரு குறிப்பு.

அப்பா கடலுக்குப் போகிறவர். தாளைப் பார்த்ததும், "உங்கம்மாகிட்ட குடு" என்றுவிட்டு வலையைச் சரிபார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றின் லாண்டிரியில் வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, வெள்ளைக்காரர்களின் சட்டை என்று நாளெல்லாம் துவைத்து இஸ்திரி போடுகிற இடம். அம்மா தாளை வாங்கிக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் தரவில்லை. அதற்கு மறுநாளும் தரவில்லை. கேட்டபோது, "எழுதிகினு கீறேன், இரு" என்றாள். நாலாம் நாள் காலையில் சோற்று டப்பாவோடு சேர்த்து நீட்டினாள். இரண்டே வரிதான். அடியில் அவள் பெயர்.

நான் அதைப் படிக்கவில்லை. எண்ணினேன். ள வர வேண்டிய இடத்தில் ல. ல வர வேண்டிய இடத்தில் ள. ண இருக்க வேண்டிய இடமெல்லாம் ன, ற வர வேண்டிய இடத்தில் ர, இரண்டு இடத்தில் ஒற்றே இல்லை. இரண்டு வரிக்குள் ஏழு பிழை. இந்தத் தாளை டீச்சர் கையில் கொடுக்க முடியாது என்று மடித்துவிட்டேன். சொல்வதெழுதுதலில் முதலாவது வருகிற பெண்ணின் அம்மா எழுதியது இது என்று வகுப்பே பார்க்கப் போகிறதே.

டீச்சரிடம், தாள் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் மழையே பெய்யவில்லை. டீச்சர் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, புதுப்பட்டினம் கடைத்தெருவில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் வாசகம் எழுதுவது அவர்தான். அந்த வட்டாரத்திலேயே மாமாவைவிடத் தமிழ் தெரிந்தவர் கிடையாது என்பது என் எண்ணம். சனிக்கிழமை கடைக்குப் போய்த் தாளை நீட்டினேன்.

"அக்காவுக்கு எழுத வராதுன்னு அனுப்பிச்சாளா?" என்று மாமா கேட்டார்.

"ஆமா மாமா."

"இதெல்லாம் நம்ம கைல வுடு. ரெண்டு நிமிசம்."

உண்மையில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே வாய்க்குள் முணுமுணுத்து, பிறகு பேனாவை வாங்கி, சுழித்துச் சுழித்து எழுதினார். 'தரணி போற்றும் தங்கத் தமிழ்மகளாய், மாவட்ட ஆட்சியராய், மக்கள் பணியில் மாணிக்கமாய் என் மகள் ஒளிவீச வேண்டும்.' அம்மாவின் பெயரையும் அவரே அடியில் போட்டார். ஒரு பிழை இல்லை. நான் மூன்று தடவை சரிபார்த்தேன்.

அம்மா எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. தமிழ்ப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள் செருகி வைத்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

டீச்சர் எல்லாத் தாள்களையும் வகுப்பறைச் சுவரில் பெரிய சார்ட்டில் ஒட்டினார். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்றும், அவரவர் வீட்டில் எழுதியதை அவரவர் பிள்ளையே எழுந்து நின்று படிக்க வேண்டும் என்றும் திங்கட்கிழமை அறிவித்தார். அன்று சாயங்காலம் வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் மீன் விற்கிற அக்காவின் மகன் என் வகுப்புதான். அந்த அக்கா வேலி ஓரம் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"நீ வர வேணாம்மா. பாதிப் பேரு வர மாட்டாங்களாம்" என்றேன்.

"நான் எழுதுனத படிக்கப் போறாங்களாம். நான் வராம வேற யாரு வர்றது?" என்றாள் அம்மா.

லாண்டிரியில் இன்னொருத்தியின் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அம்மா விடுப்பு வாங்கினாள். நீலப் புடவையை ஓட்டல் இஸ்திரிப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெஞ்சில் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெற்றோர். அம்மா மட்டும் முன்பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டாள். ஒவ்வொருவராக எழுந்து சார்ட்டைப் பார்த்துப் படித்தோம். அரசாங்கத்திலிருந்து வருகிற காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்ல வேண்டும் என்று ஒரு பையனின் அப்பா எழுதியிருந்தார். அவன் வாயைத் திறந்து பேசினால் போதும் என்று பக்கத்து வீட்டு அக்கா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். அதை அந்தப் பையனே, காதில் விழாத குரலில் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முறை வந்தது. 'தரணி போற்றும்' என்று தொடங்கியதுமே, இது யார் வீட்டு வரி என்று பார்ப்பதுபோல அம்மா சுற்றும்முற்றும் திரும்பினாள். 'மாணிக்கமாய்' வரும்போது அவள் திரும்புவதை நிறுத்தியிருந்தாள். படித்து முடித்ததும் நல்ல கைதட்டல். அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் வேறு யாருக்கும் விழவில்லை.

"ரொம்பப் பெருசா எழுதியிருக்கீங்களேம்மா. நீங்க எழுதுனதுதானே?" என்று டீச்சர் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"ஆமாங்க டீச்சர். நான்தான்" என்றாள்.

துவைக்க வந்த சட்டைப் பையில் கிடந்த ஒற்றைக் கம்மலைக்கூட, எந்த அறையில் தங்கியிருந்தவர்களுடையது என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னாள். அடுத்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். நான் உட்காரவில்லை.

"டீச்சர், இது எங்கம்மா எழுதுனது இல்ல. எங்க மாமா எழுதுனது. நான்தான் எழுதச் சொன்னேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் பார்த்ததும் நின்றுபோனது.

"அம்மா எழுதுனது எங்க?"

புத்தகத்தின் பழுப்பு அட்டையைப் பிரித்து மடித்த தாளை எடுத்தேன். வாங்கிக்கொள்வார் என்று நினைத்து நீட்டினேன். டீச்சர் கையை நீட்டவில்லை. "படி" என்றார்.

தாளில் இருந்தது இதுதான்: 'என் மகல் என்ன விட நல்லா எழுதனும். நான் எழுதுரதுல தப்பு இருந்தா அவ எனக்கு சொள்ளி குடுக்கனும்.'

இரண்டாவது சொல்லிலேயே எல்லோரும் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து பயந்துதான் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பாதியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் லவும் ளவும் ஒன்றுதான், னவும் ணவும் ஒன்றுதான், ரவும் றவும் ஒன்றுதான், ஒற்று விட்டாலும் கேட்காது. வாய்விட்டுப் படிக்கும்போது அந்த ஏழு பிழையில் ஒன்றுகூட யார் காதிலும் விழவில்லை. அம்மா சொல்ல நினைத்தது மட்டும்தான் விழுந்தது. எனக்குமே அப்போதுதான் விழுந்தது. இத்தனை நாள் அட்டைக்குள் வைத்துக்கொண்டு சுமந்த வரியை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் படித்தேன். முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

டீச்சர் அம்மா பக்கம் திரும்பினார். "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"நாலாவது பாதியோட நின்னுட்டேன் டீச்சர். தம்பி பொறந்தான். அவன பாத்துக்க ஆளு இல்ல."

அந்தத் தம்பிதான் பேனர் எழுதுகிற என் மாமா. அவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதற்காகப் படிப்பை நிறுத்தியவளின் பெயரில்தான், அவரிடமே போய் நான் எழுதி வாங்கியிருந்தேன். அன்றைக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நாலாவதிலேயே நின்றுவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் அம்மா சொல்கிறாளே என்றுதான் இருந்தது. அவளோ தலையைக் குனியவில்லை. பெயரைக் கேட்டால் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

டீச்சர் மாமாவின் தாளைக் கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இடம் பண்ணி, அம்மாவின் தாளையும் ஒட்டினார். "ரெண்டும் இருக்கட்டும். எது உங்க வீட்டுல பேசுற மாதிரி இருக்குன்னு எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். மாமாவின் வரியும் வீண்போகவில்லை. அடுத்த மாதம் புதுப்பட்டினத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரில், வேறொரு பெண்ணின் படத்துக்குக் கீழே அதை நான் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டு அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "இம்மாம் நல்லா எழுதிகீறா உங்கம்மா. இன்னாத்துக்குடி ஒளிச்சி வச்சிகினு இருந்த?" என்றாள். நான் தலையைத் தடவிக்கொண்டேன்.

சாலைக்கு வந்ததும் அம்மாவிடமிருந்து அடி விழும் என்று தயாராக இருந்தேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தினி தப்பு இருந்துச்சி?"

"ஏழும்மா."

"ஏழுதானா? பத்துக்கு மேல இருக்கும்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. தேர்வில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் முகம் அது. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் என் பெருமை வேறு: அத்தனை பேர் முன்னால் நடுங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன், வகுப்பின் முன் பேசுகிற இலக்கை வகுப்பிலேயே முதலில் முடித்தவள் நான்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நேராகப் போகாமல் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் இறங்கினோம். அம்மா ஸ்டேஷனரி கடைக்குள் போய் இரட்டைக் கோடு நோட்டு ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் கேட்டாள். இரட்டைக் கோடு நோட்டு சின்னப் பிள்ளைகள் கையெழுத்துப் பழகுவது. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஏழாவதுல இதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. இது ஒண்ணாவது ரெண்டாவதுக்கு" என்று அவள் காதோரம் சொன்னேன்.

"இருந்துட்டுப் போவுது" என்று அம்மா நோட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அது என் புத்தகப் பையில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நான் சொன்னதைக் கேட்டு, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து அம்மா வேலை முடிந்து அரை மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தாள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்து, அடுத்த பஸ்ஸில்தான் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். ஓட்டலில் துணி அதிகம் என்று அம்மா சொன்னதை நான் நம்பினேன். டீச்சருக்கு என்ன வேலை இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.