நீச்சல்குளத்து அக்காவின் மூன்றாவது கேள்வி

அக்காவுக்கும் பாசிக்கும் ஆகாது. பதினான்கு வருடங்களாக ஒரு பொது நீச்சல்குளத்தில் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் அவர் வேலை. காலை ஐந்தரைக்குப் போய்த் தண்ணீரைச் சோதித்து, குளோரின் கலந்து, ஓடுகளின் இடுக்கில் பச்சை தெரிகிற இடத்தையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வருவார். எங்காவது ஒரு மூலையில் பச்சை படிந்துவிட்டால் மேலாளர் கண்டுகொள்வாரோ இல்லையோ, அக்காவுக்கு மானம் போய்விடும். அப்பேர்ப்பட்டவர், சனி ஞாயிறு மட்டும் நடக்கிற பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில், பாசியை வளர்த்து எரிபொருள் எண்ணெய் எடுக்கிற ஆய்வில் என்னோடு ஜோடியாக வந்து மாட்டிக்கொண்டார்.

நாற்பத்தொரு வயது. மொத்த வகுப்புக்கும் அவர் அக்காதான். என்னை அவர் வக்கீலம்மா என்று கூப்பிடுவார், எதற்கெடுத்தாலும் நான் வாதாடுகிறேனாம். பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்மேல் குளோரின் வாடை வரும். முதல் வாரம் நான் இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. அக்கா நடுவில் இரண்டு முறை நிறுத்தியிருந்தார். ஒரு முறை பிரசவம், இன்னொரு முறை கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது. இது ஆறாவது வருடம். ஆய்வுக் கேள்விக்கு வழிகாட்டி மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் ஆய்வு இல்லை, ஆய்வு இல்லாவிட்டால் பட்டம் இல்லை. எனக்கு அடுத்த வருடம் இருந்தது. அக்காவுக்கு எழுதியதெல்லாம் போச்சு, முதல் வருடத்தில் எழுதிய தேர்வு உட்பட.

கேள்வி கொடுக்க மூன்று வாய்ப்பு. முதல் இரண்டையும் பாழாக்கியது நான்தான். "பாசி எண்ணெயில் நகரத்துப் பேருந்துகளை ஓட்ட முடியுமா?" என்று முதல் படிவத்தில் எழுதினேன். ஏன் இந்தக் கேள்வி என்ற கட்டத்தில் பூமியின் எதிர்காலத்தையே அள்ளி விட்டிருந்தேன். மேடம் படித்துவிட்டு, உங்களிடம் பேருந்து இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாவது முறை, எந்த வகைப் பாசியில் எண்ணெய் அதிகம் என்று எழுதினேன். உங்களிடம் எத்தனை வகை இருக்கிறது என்றார். ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் மேடத்துடையது. வேறொரு கல்லூரியில் கேட்டு வாங்கி வந்து, மாதம் தவறாமல் தண்ணீர் மாற்றி, நான்கு வருடமாக ஒரு பெரிய பாட்டிலில் அவரே காப்பாற்றி வந்த தாய்ப் பாசி. அதில் கொஞ்சம் எடுத்து ஆறு குடுவைகளில் நாங்கள் வளர்த்துக்கொண்டிருந்தோம். வளர்ந்தது என்று சொல்வதைவிட, இருந்தது என்று சொல்லலாம்.

இரண்டு படிவத்திலும் அக்கா எனக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். தன் பங்குக்கு எதுவுமே செய்யவில்லையே என்று அவருக்கு உறுத்தல். அந்த ஞாயிறு மாலை எல்லோரும் போன பிறகு ஆய்வகத்தில் தங்கி, குடுவைகளில் இருந்த பாசியை எடுத்து வைத்துவிட்டு, அவற்றைக் கழுவியிருக்கிறார். குளத்தில் எந்தப் பாத்திரத்தையும் எப்படிக் கழுவுவாரோ அப்படியே: குளோரின் தண்ணீரில் ஒரு சுழற்று, கவிழ்த்து உலர்த்து, மறுபடி அலசாதே. குளத்துக்குப் போகிற வாளியில் கொஞ்சம் குளோரின் ஒட்டியிருந்தால் அங்கே நல்லதுதான். தாய்ப் பாட்டிலின் கண்ணாடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை ஏறியிருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அதையும் காலி செய்து, தேய்த்து, பாசியைத் திரும்ப ஊற்றி வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் பாட்டில் பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்த பாசி வெளிறி, அடியில் சாம்பல் மாதிரி படிந்திருந்தது. ஆறு குடுவைகளிலும் அதே கதி. கடைசிப் படிவம் கொடுக்க மறுநாள் வரைதான் கெடு.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அக்கா கைப்பையைத் திறந்து, குளத்தில் பயன்படுத்துகிற சோதனைப் பெட்டியை எடுத்தார். சோப்பு டப்பா அளவு இருக்கும். இரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு சொட்டு மருந்துக் குப்பி. தண்ணீரில் சொட்டுவிட்டால் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். மூடியே இருந்த செத்த குடுவைத் தண்ணீர் அடர்மஞ்சள் காட்டியது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே கொன்றது அப்போதுதான் அவருக்கு உறுதியானது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, எதற்கோ ஆய்வகக் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரையும் சோதித்தார். இளமஞ்சள். ஜன்னலோரம் வெயிலில் இரண்டு நாளாக யாரோ மூடாமல் விட்டிருந்த தொட்டித் தண்ணீரைச் சோதித்தார். நிறமே இல்லை, குளோரின் பறந்து போயிருந்தது. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம பாசி முதல்லருந்தே ஏன் மந்தமா வளர்ந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நாம ஊத்தினது பூரா குழாத் தண்ணி. மேடம் அந்தப் பாட்டிலுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணிதானே ஊத்துவாங்க."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எண்ணெய்க்காகப் பாசி வளர்ப்பவர்கள் குளம் குளமாக வளர்க்க வேண்டும். அத்தனைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீருக்கு எங்கே போவது? குழாய்த் தண்ணீரை எத்தனை மணி நேரம், வெயிலிலா நிழலிலா, திறந்து வைத்தால் பாசி அதில் பிழைக்கும்? ஆய்வுக்கு இருந்த பன்னிரண்டு வாரத்துக்குள் விடை தெரிகிற கேள்வி. அளக்கிற கருவியோ அக்காவின் கைப்பையில் இருந்தது.

படிவத்தை எடுத்து மளமளவென்று எழுதினேன். ஏன் இந்தக் கேள்வி என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. வெளிச்சம் தருகிற விளக்கு பழுதாகிப் பாசி செத்துவிட்டது, அதன் பிறகு தண்ணீரைச் சோதித்தோம் என்று பூசி மெழுகிவிடலாம் என்றேன். மேடத்தின் நான்கு வருடத்தை நாம்தான் கொன்றோம் என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்தால், எந்த வழிகாட்டி கையெழுத்துப் போடுவார்? எனக்கு அடுத்த வருடம் இருக்கிறது, உங்களுக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். உண்மையிலேயே அவருக்காகத்தான் கேட்டேன்.

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். "குளத்துல எவ்வளவு கலந்தேன்னு தினம் நோட்டுல எழுதணும் வக்கீலம்மா. நான் பொய்யா எழுதினா, அடுத்து வர்றவ அதை நம்பிக் கலப்பா. குளிக்கிற பிள்ளைங்களுக்குக் கண்ணு போயிரும்." அவ்வளவுதான் சொன்னார். தன் குண்டு குண்டான எழுத்தில் அந்தக் கட்டத்தில் எழுதினார்: குளத்தில் கழுவும் முறையில் நான் பாட்டிலையும் குடுவைகளையும் கழுவியதால் பாசி முழுவதும் இறந்தது.

மறுநாள் மேடம் அறைக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தோம். மேடம் படிவத்தைப் படித்தார். எழுந்து போய் அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் வெகுநேரம் துடைத்தார். நாலு வருஷம் என்று மட்டும் சொன்னார், எங்களிடம் சொன்ன மாதிரியும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு நடந்தப்புறமும் இதே பாசியைத்தான் வளர்க்கணுமா? சுலபமா வேற ஏதாவது கேள்வி எடுத்திருக்கலாமே."

அக்கா சொன்னார். "பதினாலு வருஷமா இதைக் கொல்றதுக்குத்தான் மேடம் எனக்குச் சம்பளம். எவ்வளவு போட்டா சாகும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எவ்வளவு இருந்தா பொழைக்கும்னு என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நானும் யோசிச்சதில்ல. இப்ப எனக்கே தெரிஞ்சுக்கணும்."

மேடம் பேனாவை எடுத்தார். கேள்வியில் நான் எழுதியிருந்த உலகம், எதிர்காலம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரியாக்கினார். பாசி கொடுத்த கல்லூரிக்கு, முதல் பாசி எப்படிச் செத்தது என்று அக்காவே கடிதம் எழுதி, மறுபடி கேட்டு வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவருக்கு போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் அவர், பாஸாகிவிட்டாயா என்று கேட்டது எனக்கே கேட்டது.

"இல்லங்க, பாஸெல்லாம் இன்னும் ஆகல," என்றார் அக்கா. "கேள்வி கேக்கலாம்னு சொல்லிட்டாங்க."