ஒற்றைக் கைக்கு ஒரு பாய்

திரைச்சீலை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டால் ஏரி, துடுப்புப் படகு, அவன், அவ்வளவுதான் உலகம். கல்யாணமான நாள் முதல் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, ஜன்னல் வழியாக அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். "நீயும் வாயேன்" என்று ஒரு பேச்சுக்காவது சொன்னதில்லை, மகராசன்.

பக்கவாதம் வந்து அவனுக்கு வலது கை விழுந்துவிட்டது. துடுப்புப் போட முடியாது. அன்றிலிருந்து ஏரி கண்ணில் படாதபடி திரும்பி உட்கார ஆரம்பித்தான். சாப்பாடும் பாதி தட்டிலேயே கிடந்தது. பார்க்கச் சகிக்காமல்தான் அவள் படகுக்குப் பாய் கட்டக் கிளம்பினாள்.

ஆசாரி முன்பலகையில் துளை போட்டுப் பாய்மரம் நட்டான். காற்றில் படகு பக்கவாட்டில் வழுக்காமலிருக்க ஓரத்தில் ஒரு பலகையையும் இறக்கினான். அவள் பாயைத் தைத்தாள். ஒரு சுருக்கமில்லாமல், விரித்தால் தரையோடு ஒட்டுகிற மாதிரி. ஆசாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, இதை ஜன்னல்ல மாட்டுங்க. பாய்னா வயிறு வேணும். இல்லைன்னா காத்து எங்க போய் உட்காரும்?"

பிரித்து, துண்டுகளின் ஓரத்தை வளைத்து வெட்டி, மறுபடி தைத்தாள். தொழிலுக்கு வந்த பிறகு வேண்டுமென்றே தொளதொளவென்று தைத்தது அதுதான் முதல் தடவை.

அவன் இடது கை, படகைத் திருப்புகிற துடுப்புக்கே சரியாகப் போயிற்று. பாய்க்கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். "ஏறு" என்றான். தண்ணீர் என்றாலே நடுங்குகிறவள் ஏறினாள்.

"விடு... இப்ப இழு... ஆங், அப்படித்தான்."

வீட்டில் வருஷக்கணக்காகப் பேசாததை அங்கே பேசினான். கயிறு அறுத்த உள்ளங்கை எரிச்சல்கூட அவளுக்கு இனித்தது.

கயிற்றைக் கவ்விக்கொள்ளும் பிடி ஒன்றை ஆசாரி கொடுத்தான். "இதை மாட்டினா அண்ணன் தனியாவே போகலாம்க்கா." அவள் அதைப் பித்தான் டப்பாவின் அடியில் போட்டுவிட்டு வாயே திறக்கவில்லை.

ஒரு மாலை காற்று ஓய்ந்து, படகு நடு ஏரியில் நின்றது. சந்தோஷத்தில் அவள் என்னென்னவோ பேசிக்கொண்டே போனாள்.

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றான். கோபமில்லை, கெஞ்சல். அதுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் அவளே ஸ்க்ரூடிரைவர் எடுத்துப்போய்ப் பிடியை மாட்டினாள். கயிற்றை அதில் கொடுத்து இழுத்துப் பார்த்தவனின் முகம் மலர்ந்தது.

"அப்ப நீ?"

"எனக்குத் தைக்க வேண்டியது மலையாக் கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

இன்னொரு தடவை கேட்டிருந்தால் ஏறியிருப்பாள். அவன் கேட்கவில்லை. படகைத் தள்ளிவிடச் சொன்னான். தள்ளிவிட்டாள்.