வால் சுருண்ட புலி

காலையிலேர்ந்து செராமிக் பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு இப்பதான் வூட்டுக்கு வந்து உக்காந்தேன்.

பொண்ணுக்கு ஸ்கூல்ல புராஜெக்ட். புலியையும் கடல் ஆமையையும் ஒப்பிடணும். இது பாலூட்டி, அது ஊர்வன. இது காடு, அது கடல். ரெண்டுமே அழிஞ்சுட்டு வருது. பொம்மையும் செஞ்சு எடுத்துட்டு வரணுமாம்.

எங்க கம்பெனியில ஆமை அச்சு இருக்குது, புலி அச்சு இல்ல. நாய் பொம்மைக்கு மஞ்சள் அடிச்சு, வரி போட்டுக் குடுத்தனுப்பினேன்.

இன்னைக்கு மிஸ் கேட்டாங்களாம், "புலிக்கு ஏன் வாலு சுருண்டிருக்குது?"

இவ சொல்லியிருக்கா, "அழிஞ்சுட்டு வர்ற இனம் மிஸ். இந்த மாதிரி இது ஒண்ணுதான் மிச்சம்."

நாளைக்கு என்னை ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. லீவு கேட்டா சூப்பர்வைசர் கத்துவாரு.

விருத்தாசலத்துல யாருகிட்டயாச்சும் புலி அச்சு இருக்குதாங்க? வால் நேரா இருந்தா போதும்.