மியோனின் இயக்கம்

ஜோசப்பினைப் பற்றிப் பேச்செடுத்தாலே, என்னை நினைத்து எனக்கு ஓங்காளம் வருகிறது.

அவள் எங்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். குருக்கள்மடத்துக் கடற்கரையில் வீடு. நான் பௌதிகவியல் ஆசிரியன். சோதனைக் குழாய் கழுவுகிறவளுக்கு என்ன தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன். அவளோ பழைய சஞ்சிகை ஒன்றில் படித்ததைப் பிடித்துக்கொண்டாள். வானத்திலிருந்து மியோன் என்ற துகள் ஓயாமல் விழுகிறதாம். பார ஐதரசனுக்குள் அகப்பட்டால், சூரியச் சூடு இல்லாமலே இரண்டு அணுக்கருக்களை நெருக்கி ஒன்றாக்கிவிடுமாம்.

"முதல்ல மியோன எண்ணிப் பழகுவம் சேர். பிறகு அது கரு சேர்க்கிறதப் பாப்பம்," என்றாள். நான் சிரித்தேன்.

கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய கதிர் எண்ணும் குழாய்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினாள். இரண்டும் ஒரே கணத்தில் 'டிக்' என்றால் ஒரு மியோன் ஊடுருவிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் சோதனை. 2004 மார்கழியில் கடல் வந்து வீட்டோடு அதையும் கொண்டுபோனது. நிவாரணப் பதிவுக்காரரிடம், "மியோன் எண்ணுற பெட்டி போயிட்டு," என்றாள். அந்த மூதேவி 'ரேடியோப் பெட்டி' என்று எழுதினான்.

தமையனிடம் மறுபடி குழாய் கேட்டு வாங்கிச் செய்தாள். நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினாள். அட்டையில் 'மியோனின் இயக்கம்' என்று தலைப்பு. பாடப்புத்தகத்தில் இயக்கம் என்றால் அசைவு. வீதியில் அந்தச் சொல்லுக்கு அந்நாளில் ஒரே அர்த்தம்தான்: துவக்குத் தூக்கிய பெடியள்.

2008இல் இராணுவச் சுற்றிவளைப்பில் வயரும் குழாயும் கொப்பியும் அகப்பட்டன. மொழிபெயர்க்க வந்த தமிழன் கேட்டான்:

"ஆர் இந்த மியோன்? எப்ப எப்ப வந்து போனவன்?"

"அது வானத்தால வாறது ஐயா."

"வானத்தாலயா? அப்ப பிளேன்காரனா?"

"எங்கட சேரக் கேளுங்க, அவருக்குத் தெரியும்," என்றாள் ஜோசப்பின்.

என்னைக் கூட்டிப்போய் அவள் முன்னால் நிறுத்தினார்கள். பதினேழு வருடமாக நான் படிப்பிக்கும் பாடம். ஒரு வசனம் சொன்னால் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். "எனக்கு இதொண்டும் தெரியாது," என்றேன். நாக்கு அழுகவில்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் அவளை விட்டார்கள். வலக்கையில் இரண்டு விரல் மடங்காது. வேலைக்குத் திரும்பிய அன்று வகுப்பு வாசலில் நின்றாள். கரும்பலகையில் அப்போதுதான் நான் 'இயக்கம்' என்று பாடத் தலைப்பு எழுதியிருந்தேன்.

"பிள்ளையள், நல்லாப் படிங்க," என்றாள். "சேருக்கு இது தெரியாது."

பகிடி என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தூ!