மேட்டுக்காட்டு முட்டைகளின் திட்டவிலக்கம்

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல் பக்கத்தில் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் கம்ப்யூட்டர் என் வசம் இருந்தது. கூடவே திமிரும் இருந்தது. பண்ணைகள் கொடுத்தனுப்பும் முட்டைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பதிந்துவைப்போம். பண்ணையின் பெயரைக் கொடுத்து ஒரு வரிக் கட்டளை தட்டினால் திட்டவிலக்கம் வந்துவிடும். அது அதிகமென்றால் முட்டை பெரிதும் சிறிதுமாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பண்ணையிடம் முட்டை வாங்குவதை நிறுத்திவிடுவோம்.

எங்கள் பக்கம் ஆளைப் பேர்சொல்லிக் கூப்பிடுவது குறைவு. அவரவர் காட்டை, அதாவது விவசாய நிலத்தின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். நானும் பண்ணைகளை அப்படியே பதிந்திருந்தேன்.

ஒரு நாள் காலை, நான் அனுப்பிய நிறுத்தக் கடிதத்தோடு மேட்டுக்காட்டு அம்மா வந்து நின்றார்.

"முட்டை வேண்டாம்னா கோழிய கறிக்குத்தானுங்க தள்ளோணும். பன்னண்டு மணிக்கு லாரி வருது. இன்னொருக்கா பாருங்க சாமி."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றேன் வெடுக்கென்று. அவர் நகரவில்லை. எரிச்சலோடு மறுபடி தட்டினேன். அதே விலக்கம்தான் வந்தது.

"பாத்தாச்சுங்க. தொண்ணூறு முட்டையையும் பாத்தாச்சு."

"நான் குடுத்தது ஒரு அட்டைதானுங்களே. முப்பது."

பட்டியலைத் திறந்தேன். மேட்டுக்காடு, மேட்டுக்காடு புதூர், மேட்டுக்காடு வலசு, மூன்றுக்கும் முப்பது முப்பது. பெயரின் தொடக்கம் ஒத்துப்போனாலே போதுமென்று கம்ப்யூட்டர் மூன்று பண்ணையையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. புதூர் முட்டை பெரிசு, வலசு முட்டை சிறிசு. கலந்தால் விலக்கம் எகிறாமல் என்ன செய்யும்? முழுப் பெயரையும் ஒப்பிடச் சொல்லித் தட்டினேன். மணி பத்தரை. திரையில் எண் வந்தது. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. அவருடைய முட்டைகள் ஒரே சீராக இருந்தன.

"தப்பு என்னுதுங்க. லாரிய திருப்பி அனுப்பீருங்க" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"போன மாசம் நிறுத்துன கரட்டுக்காட்டுக்காரருக்கும் நீங்கதான் பாத்தீங்களா?"

கரட்டுக்காடு புதூர் என்றும் ஒரு பண்ணை எங்கள் பட்டியலில் உண்டு. பழைய முறையில் தட்டினேன், எண்ணிக்கை அறுபது. முழுப் பெயரையும் ஒப்பிடச் சொல்லித் தட்டினேன், முப்பது. விலக்கம் அவருக்கும் குறைவுதான். அவருடைய கோழிகள் கறிக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.